சுதாஜினி சொல்லாத சொல்

இடது கையின் நான்கு நகங்களுக்குச் சிவப்புப் பூசியாகிவிட்டது. சிறுவிரல் மட்டும் மிச்சம். ஒட்டுசுட்டான் சந்தித் தேத்தண்ணிக் கடையின் வாங்கிலில் உட்கார்ந்து, கியூட்டெக்ஸ் போத்தலை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சுதாஜினி அந்தச் சிறுவிரலை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறார். விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. பக்கத்தில் பிளேன்ரீ ஆறிக்கொண்டிருக்கிறது. நகம் காயும்வரை கிளாஸைத் தொட முடியாது. காய்ந்த பிறகு குடித்தால் அதைத் தேத்தண்ணி என்று சொல்ல முடியாது. காலைதோறும் வரும் இந்த இக்கட்டில் அவர் நகத்தின் பக்கமே நிற்கிறார்.

காலில் கனத்த சப்பாத்து, உடம்பில் நீலநிற முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். இந்தக் கோலத்தில் ஒருவர் நகத்துக்கு இவ்வளவு பாடுபடுவதைப் பார்த்த முதல் நாள், இன்றைக்குக் கலியாண வீடு ஏதும் இருக்கிறதோ என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நாள் முழுக்க நான் பாக்கிறது என்ரை கையைத்தான் அண்ணை. அது வடிவா இருந்தாத்தான் கண் அதிலை நிக்கும்" என்றார். வேலைக்கு ஏற்றிப்போகும் வாகனம் வந்தது. ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

சுதாஜினி மிதிவெடி அகற்றுகிறார். ஊர் உடையார்கட்டு. வயது முப்பதுகளின் நடுவில். கணவர் விஜிதரன் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். மகள் சாரங்கா பள்ளிக்கூடம் போகிறாள். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் சத்தம் போடும் டிடெக்டரின் ஹெட்போனை நாளெல்லாம் காதில் போட்டுப் பழகியவர் என்பதால் சுதாஜினி வீட்டிலும் உரத்துத்தான் பேசுவார். தன் மனைவி குசினியில் இருந்து உப்புக் கேட்டால் அடுத்த வளவில் இருந்து உப்பு வரும் என்று விஜிதரன் சொல்கிறார். இந்த வேலைக்குச் சுதாஜினி வந்ததே ஒரு கூத்து. யுத்தம் முடிந்து மீள்குடியேறிய புதிதில், நிலம் கிளியர் பண்ணுகிற வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். பற்றை வெட்டும் வேலையாக்கும் என்று நினைத்து, நேர்முகத் தேர்வுக்குக் கத்தியும் கையுமாகப் போய் நின்றிருக்கிறார். உண்மை தெரிந்த பிறகு கத்தியை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நான் அவரைத் தேடிப் போன காரணத்தையும் சொல்லவேண்டும். கிளிநொச்சியில் இருந்து வரும் ஒரு மாதச் சஞ்சிகையில் எனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் வாயில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பிடித்து, அது எங்கே பிறந்து, எந்தெந்தக் கடல் தாண்டி, எங்கள் சந்தைக்கு வந்து சேர்ந்தது என்று விசாரித்து எழுதுவேன். யார் யார் அதை வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் மனைவி அருந்ததி வாசிப்பதில்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த மாதம் என் கையில் அகப்பட்டது 'கிளியர்'.

அதன் தாய்வீடு லத்தீன். அங்கே 'கிளாருஸ்' என்பது முதலில் சத்தத்தைத்தான் குறித்தது: உரத்த, பிசிறில்லாத, தூரத்திலும் பிடிபடுகிற குரல். அதற்கும் அடியில் 'கூவு, கூப்பிடு' என்று ஒரு வேர் கிடக்கிறது என்கிறார்கள் மொழி ஆராய்ச்சிக்காரர்கள். காதுக்குப் பிறந்த சொல் பின்னர் கண்ணுக்கு வந்து, வெளிச்சமானது, மறைவில்லாதது என்று பொருள் கொண்டது. பிரெஞ்சுக்காரரிடம் வளர்ந்து ஆங்கிலேயர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது. முகிலில்லாத வானம், கலங்காத தண்ணீர், தடையில்லாத வழி, மரம் வெட்டித் திறந்த காட்டு நிலம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டது. வாசிக்கிற கிளாரினெட்டும் அதன் பிள்ளை. தேர்தல் முடிவை 'டிக்ளேர்' பண்ணுகிறார்களே, அந்தச் சொல்லும் அதே வயிற்றுப் பிள்ளைதான்.

இவ்வளவு தூரம் வந்த சொல்லை நாங்கள் வன்னியில் என்ன பாடு படுத்துகிறோம் என்று கணக்கெடுத்தால் சிரிப்பு வரும். மருந்து குடித்தேன், வயிறு கிளியர். மழை முகில், போன் கிளியரில்லை. யானை காட்டுக்குள் இறங்கிவிட்டது, ரோட்டுக் கிளியர். ஒட்டுசுட்டானில் இருந்து புதுக்குடியிருப்புப் போகும் பஸ்ஸில் கொஞ்ச நேரம் காது கொடுத்தால் இந்தச் சொல் இறங்குவதும் ஏறுவதுமாகவே இருக்கும். மிதிவெடி அகற்றுபவர்களுக்கோ அது தொழிற்சொல். ஒரு துண்டு நிலத்தைப் பார்த்து முடித்தால் 'கிளியர்' என்று குரல் கொடுப்பார்கள். அதைப் பற்றி ஒரு பந்தி எழுதலாம் என்றுதான் அவர்களுடைய அணித் தலைவி ஜெயரூபியிடம் போனேன். அவர் சுதாஜினியைக் கைகாட்டினார். "அவாவைக் கேளுங்கோ. எங்களுக்குள்ளை அந்தச் சொல்லைச் சொல்லாத ஒரே ஆள் அவாதான்."

கேட்கவே விசித்திரமாக இருந்தது. ஜெயரூபி விளக்கினார். எல்லோரும் தங்கள் துண்டு முடிந்ததும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கையைக் காட்டுவார்கள். சுதாஜினி "பாத்து முடிஞ்சுது" என்பார். ஆரம்பத்தில் ஜெயரூபி ஏசிப் பார்த்திருக்கிறார். நல்லபடியாகக் கேட்டும் பார்த்திருக்கிறார். பிறகு விட்டுவிட்டார். ஏனென்றால் சுதாஜினி முடித்த துண்டை மறுபடி சோதிக்கப் போனால் ஓர் ஆணித் துண்டுகூட அகப்படுவதில்லை. இரண்டு கிழமை அவரைக் கவனித்த நான் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். வேலைத்தலத்துக்கு வெளியிலும் அவர் அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. போனில் யாராவது கேட்டால் "வடிவாக் கேக்குது" என்பார். தொட்டே ஆகவேண்டிய இடத்தில், கணவன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்களைப்போல, 'அந்தச் சொல்லு' என்று சுற்றிக்கொண்டு போவார்.

ஏன் என்று கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பாலை மரத்தின் கீழ் நிழலைச் சுற்றிச் சதுரமாகக் கயிறு கட்டியிருந்தது. அதற்குள்தான் எல்லோரும் இருக்கவேண்டும். அவர் சோற்றைப் பிசைந்து முடித்து, ஒரு வாய் சாப்பிட்டு, தண்ணீரும் குடித்தார்.

"டிடெக்டருக்கு ஒரு ஆழம் இருக்கண்ணை. அந்த ஆழம் மட்டும் நான் பொறுப்பு. ஆனா நான் அந்தச் சொல்லைச் சொன்னா, கேக்கிறவன் ஆழம் பாக்க மாட்டான். காலை வைப்பான்."

பிறகு நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். சொல்லின் தாய்வீட்டுக் கதை முழுவதையும் அவிழ்த்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அது முதலில் சத்தத்துக்கு வைத்த பெயர் என்றதும் கை சோற்றில் நின்றது. "எங்களுக்கு நேர்மாறு அண்ணை. டிடெக்டர் வாய் திறவாமல் இருந்தாத்தான் அந்தச் சொல்லு" என்றார். கூவலாகப் பிறந்த ஒரு சொல் எத்தனையோ தேசம் நடந்து, வன்னியில் ஒரு பெண்ணின் காதில் மௌனமாக வந்து முடிகிறது. எந்த அகராதியிலும் இந்தப் பொருள் ஏறவில்லை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அவருக்கு நேரமாகிவிட்டது, சோற்றுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

அவர்கள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது பேச்சியம்மாவின் காணி. காட்டு ஓரம், சிவந்த மண், நடுவில் ஒரு மாமரம். பேச்சியம்மாவுடையது கலவரக் காலத்தில் மலையகத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பம். அவரும் கணவரும் கையால் வேர் பிடுங்கித் திறந்த நிலம் அது. யுத்தம் முடிந்து திரும்பி வந்த கொஞ்ச நாளில் வேலியெங்கும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நாட்டினார்கள். அந்தப் பலகை வருவதற்கு முன்பே மகன் சிவராசா ஒரு நாள் விறகுக்கு உள்ளே போயிருந்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அன்று முதல் மாமரத்துப் பழங்களை யானைகள் தின்றன. பேச்சியம்மா குடும்பம் ரோட்டோரத்தில், உறவினர் வளவின் ஒரு மூலையில் தகரம் போட்டு இருந்தது.

சிவராசா பொய்க்காலுடன் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிறார். இந்த மாரிக்குத் தன் நிலத்தில் கச்சான் கடலை போடவேண்டும் என்பது அவர் கணக்கு. மழைக்கு முன் உழாவிட்டால் இன்னொரு வருஷம் போய்விடும். அப்படிப் போனால் கொழும்புக்கு வேலை தேடிப் போய்விடுவேன், பிறகு இந்தக் காணியை யானையே வைத்துக்கொள்ளட்டும் என்று தாயிடம் சொல்லிவிட்டார். வெறும் மிரட்டல் அல்ல; சிநேகிதன் ஒருவன் அங்கே இடம் பார்த்தும் வைத்திருந்தான். பேச்சியம்மாவுக்கு மகனும் வேண்டும், நிலமும் வேண்டும். ஆனால் அந்த நிலத்தில் மகன் இன்னொரு காலை வைப்பதை அவரால் நினைக்கவே முடியாது.

அதனால் அவர் தினமும் வருவார். காணியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, ரோட்டுப் பக்கம், குடையை விரித்துக் குந்திக்கொள்வார். கயிற்றுக்கு அப்பால் நீலச் சட்டைகள் பல இருந்தாலும், அவர் கண் ஒருவரில்தான் நிற்கும். பின்னேரம் வாகனம் புறப்படும்போது எழுந்து வந்து, "என்ன தாயி, ஆச்சா?" என்பார். சுதாஜினி "பாக்கிறம் அம்மா" என்பார். அவ்வளவுதான் இருவர் பேச்சும்.

ஒரு நாள் ஜெயரூபி எனக்கும் ஒரு தலைக்கவசமும் மார்புக் கவசமும் மாட்டி, சற்றுத் தள்ளி நின்று பார்க்க அனுமதித்தார். நான் நிற்பதற்கே வேர்த்துக் கொட்டியது. சுதாஜினி முழங்காலில் இருந்தார். முன்னால் குறுக்கே ஒரு தடி. அந்தத் தடிக்கு அப்பால் இருப்பது பார்க்காத நிலம், இப்பால் இருப்பது பார்த்த நிலம். டிடெக்டரை இடமும் வலமுமாகக் கோலம் போடுவதுபோல் மெல்லக் கொண்டுபோனார். ஹெட்போனில் சத்தம் வந்திருக்கவேண்டும், கை நின்றது. டிடெக்டரைப் பின்னால் வைத்தார். சத்தம் வந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னதாகவே தொடங்கி, பக்கவாட்டில், சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டி எடுத்தார். புல்வேர் ஒன்று குறுக்கிட்டது. அதைப் பிடுங்காமல், ஒரு கையால் தாங்கிக்கொண்டு கத்தரித்தார். மூக்கு நுனியில் இருந்து வியர்வை முகக்கவசத்தின் உட்புறம் விழுந்து ஓடியது. துடைக்க முடியாது. நான் என் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

வெகு நேரத்துக்குப் பிறகு வெளியே வந்தது ஒரு சைக்கிள் மணியின் மூடி. அதைத் துடைத்து, பின்னால் இருந்த வாளியில் போட்டுவிட்டு, அதே இடத்தில் டிடெக்டரை மறுபடி பிடித்தார். மறுபடியும் சத்தம். மறுபடியும் ஒரு சாண் முன்னதாகத் தொடங்கி, மறுபடியும் சுரண்டினார். முதல் முறைக்கும் இந்த முறைக்கும் கையில் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அலுப்பும் இல்லை, அவசரமும் இல்லை. மணி மூடிதான் போய்விட்டதே, இனி என்ன இருக்கப்போகிறது என்று நான் நினைத்தேன். ஒவ்வொரு முறையும் அப்படி நினைக்காமல் இருப்பதுதான் அந்த வேலை என்று பிறகு விளங்கியது.

கரண்டி நின்றது. சிவப்பு நகங்கள் மேலே உயர்ந்தன. ஜெயரூபியின் விசில் கேட்டது, எல்லோரும் பின்வாங்கினார்கள். சுதாஜினி தன் வழியே திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று முகக்கவசத்தைத் தூக்கினார். அவர் திறந்து வைத்த சிறு குழியில், மண்ணுக்குள், ஒரு கைக்குள் அடங்கும் வட்ட டப்பாவின் விளிம்பு தெரிகிறதாம். எனக்கு இங்கிருந்து எதுவும் தெரியவில்லை. "இவர் நித்திரையே கொள்ளாமல் எத்தினை வருஷமாக் காவல் இருந்திருக்கிறார், பாருங்கோவன்" என்றார். மிதிவெடியை அவர் எப்போதும் 'இவர்' என்றுதான் சொல்லுவார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். சிவப்பு நகங்களில் செம்மண் ஏறியிருந்தது. நான் மார்புக் கவசத்தின் பட்டியை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக நின்றேன். அதை அவர் கண்டதும் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் தந்தார்.

'இவரை' முறைப்படி வெடிக்க வைத்து முடித்தார்கள். அதன் பிறகும் பல நாள் அந்தக் காணி எடுத்தது. ஆவணி பிறந்து பாதி போய்விட்டது. கடைசித் துண்டும் முடிந்து, வெளியில் இருந்து வந்தவர்கள் மறுபடி சோதித்து, தாளெல்லாம் எழுதி, காணியைக் கையளிக்க ஒரு நாள் குறித்தார்கள். ஜெயரூபியிடம் கெஞ்சி நானும் போனேன்.

சிவப்புப் பலகைகளைக் கழற்றி ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். பேச்சியம்மா குளித்துத் திருநீறு பூசி வந்திருந்தார். தேங்காய், கற்பூரம், ஒரு செம்புத் தண்ணீர், புதுப்பிடி போட்ட மண்வெட்டி. தரிசாகக் கிடந்த நிலத்தில் நல்ல நேரம் பார்த்து வீட்டு ஆண்மகன் முதல் வெட்டு வெட்டவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கோயில் ஐயர் நேரம் சொல்லியிருந்தார். சிவராசா வெள்ளை வேட்டியில், பொய்க்கால் தெரியாமல் நிமிர்ந்து நின்றார். காணியைக் கையளிக்க வந்த உத்தியோகத்தர் தாளை வாசித்து, இந்த நிலம் இனிப் பாதுகாப்பானது என்று அறிவித்தார். கைதட்டினார்கள். சிவராசா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, நல்ல காலை முன்னால் எடுத்தார்.

பேச்சியம்மா மகனின் சட்டையைப் பின்னால் இருந்து பற்றிக்கொண்டார். துணி கிழிகிற அளவுக்குப் பிடி. சிவராசா, நேரம் போகிறதே அம்மா என்றார். உத்தியோகத்தர் தாளைக் காட்டி மறுபடி விளக்கத் தொடங்கினார். அந்த அம்மா யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற சுதாஜினியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"தாயி, ஐயா படிச்சது சரியாத்தான் இருக்கும். ஆனா இங்க முட்டி போட்டவ நீ. நீ இன்னும் ஒரு வார்த்த சொல்லல. ஒன் வாயால சொல்லு, நான் இவன விடுறேன்."

உத்தியோகத்தர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். எல்லோரும் சுதாஜினியைப் பார்த்தோம். ஜெயரூபி என் பக்கத்தில் நின்றார். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது போலவே அவருக்கும் தெரிந்திருந்தது. சொல்லாவிட்டால் சிவராசா அடுத்த கிழமையே கொழும்பு பஸ் ஏறிவிடுவார். சொன்னால், அவர் வைக்கப்போகும் ஒவ்வொரு அடியும் இனி இந்தப் பெண்ணின் கணக்கு. சுதாஜினி காணியை ஒருமுறை பார்த்தார். மூலையில் இருந்து மூலைக்கு, மெல்ல, இடமும் வலமுமாக. பிறகு முன்னால் வந்தார்.

"கிளியர் அம்மா" என்றார்.

அவருடைய வழக்கமான உரத்த குரல்தான். ரோட்டில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். என் சஞ்சிகைப் பக்கத்துக்காக எத்தனையோ அகராதிகளில் அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகக் கேட்டேன் என்று சொல்லவேண்டும். ஆனால் பேச்சியம்மாவின் கை மட்டும் சட்டையை விடவில்லை. விட நினைக்கிறார், விரல் கேட்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார்.

சுதாஜினி குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். சப்பாத்துகளைக் கழற்றி ஓரத்தில் வைத்தார். சிவராசாவின் தோளில் இருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வெறுங்காலுடன் காணிக்குள் நடந்தார். மாமரத்தைத் தாண்டி, அந்த வெடி டப்பா கிடந்த இடத்துக்குப் போய், கால்களை அகட்டி நின்றார். மண்வெட்டியைத் தலைக்கு மேலே ஓங்கினார். ஜெயரூபி கண்ணை மூடிக்கொண்டார். பொத்தென்று இறங்கியது. சிவந்த மண் புரண்டது. அவர் நிறுத்தவில்லை. மறுபடி ஓங்கினார், மறுபடி, மறுபடி. கலப்பை இறங்குகிற ஆழத்தையும் தாண்டி, முழங்கால் மறைகிற அளவுக்குக் குழி விழும்வரை முழுப் பலத்தோடும் வெட்டினார். பிறகு மூச்சு வாங்க நிமிர்ந்து, மண்வெட்டியைத் திருப்பி, அதன் பிடியைச் சிவராசாவின் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றார்.